தானாக வரும் என்று சொன்னேன்

மேடையில் நன்றாகப் பேசும் டாக்டர்களிடம் நீங்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் அப்படி ஒருவனாக இருந்தேன்.

மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஆலோசகர்களுக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் யோசிக்கவில்லை. எழுதலாமா வேண்டாமா என்றுதான் யோசித்தேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் போனில் கேட்டேன். "பேர மட்டும் மாத்திப் போட்டுக்கங்க சார்" என்றாள். ஆகவே இங்கே அவள் பெயர் கௌசல்யா.

பணியின் கடைசி வருஷங்களில் நான் புதுக்கோட்டையிலிருந்து வாரம் ஒரு நாள் ஜெகதாப்பட்டினம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போய் மனநல ஓ.பி. பார்த்துவந்தேன். அதோடு, யார் கூப்பிட்டாலும் போய்ப் பேசுவேன். எனக்குப் பிடித்த தலைப்பு ஆக்ஸிடோசின். பிரசவ அறையில் வேலை பார்க்கும் எந்த நர்சுக்கும் அந்தப் பெயர் தெரியும். கருப்பை சுருங்குவதற்கும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதற்கும் போடும் ஊசி அது. உடம்பும் அதைச் சுரக்கிறது. குழந்தை வாய் வைத்ததும் தாய்க்குப் பால் இறங்குவது அதனால்தான். இதுவரைக்கும் பாடப் புத்தகம். அதே பொருள் மூளையிலும் வேலை செய்கிறது, மனிதர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு வரும் ஒட்டுதலிலும் நம்பிக்கையிலும் அதற்குப் பங்கு இருக்கிறது என்று ஆராய்ச்சிகள் வரத் தொடங்கின. பத்திரிகைகள் அதற்கு அன்பு ஹார்மோன் என்று பெயர் சூட்டின. என்னைப் போன்ற பேச்சாளனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த வருஷம் தாய்ப்பால் வார விழாவுக்கு அதே கடற்கரைப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் பேசினேன். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், அவர்களோடு வந்த மாமியார்கள் என்று கூடம் நிறைந்திருந்தது.

"புள்ளைய எடுத்து மார்ல போடுங்க. அம்புட்டுத்தான் உங்க வேலை. பாலும் பாசமும் ஒரே குழாய்லதான் வருது. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், தானா வரும்" என்றேன். கைதட்டினார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சார், வராட்டி?"

"எது, பாலா பாசமா?"

"பாசம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, நீ புள்ளையப் பெத்தியா, கடையில வாங்குனியா?"

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் சிரித்ததை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வண்டியில் திரும்பும்போது அந்த நகைச்சுவையை அடுத்த கூட்டத்திலும் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். சொல்லவும் செய்தேன்.

சில வாரங்கள் கழித்து ஓ.பி.க்கு ஒரு மாமியார் தன் மருமகளை அழைத்துவந்தார். மாமியார் கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். வெடுக்கென்று பேசினாலும் மருமகளின் முந்தானையைச் சரிசெய்துவிட்டுத்தான் தான் உட்கார்ந்தார். பிள்ளை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை, காரணமில்லாமல் அழுகிறாள் என்றார். விசாரித்ததில், பிரசவமான சில நாட்களிலேயே கணவன் போன விசைப்படகைக் கடல் எல்லை தாண்டியதாகக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அவன் அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறான் என்று தெரிந்தது. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஊரில் யாருக்குத்தான் அந்தப் பயம் இல்லை?

"அதான் வந்துட்டார்ல. இனிமே சரியாயிடும். பால் இருக்கா?"

"நல்லா இருக்கு சார்."

"அப்பறம் என்ன?"

இந்த 'அப்பறம் என்ன'வை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நோயாளியை எழுந்து போகச் சொல்வதற்கு இதைவிட நாகரிகமான வழி கிடையாது. கூட்டத்தில் கேள்வி கேட்டவள் இவள்தான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. அவளுக்கு என்னை நன்றாக அடையாளம் தெரிந்திருந்தது. கௌசல்யா எழுந்து போனாள்.

அதன்பின் ஒருநாள் முற்பகல். மாமியார் தன் பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர், என் அறைக்குள் தலையை நீட்டினார்.

"டாக்டரய்யா, நல்லாருக்கீங்களா? ஒங்க பேச்ச எம்மருமவ கேக்க மாட்டேங்குறாய்யா."

"என்ன செய்யிறா?"

"நெஞ்சுல பால் கட்டி சட்டையெல்லாம் நனைஞ்சு நிக்கிது. இவ என்னடான்னா டப்பாப் பால வாங்கிப் புள்ளைக்குப் பழக்குறா. எம்மவளக் கூப்புட்டு ஒக்கார வச்சு, எத்தன கரண்டி மாவு, எம்புட்டு வெந்நின்னு வாத்திச்சி கணக்கா பாடம் நடத்துறா. எம்மவளுக்கு எதுக்கு அது? அவளுக்கே இன்னும் புள்ள இல்லன்னு கோயில் கோயிலாப் போய்க்கிட்டிருக்கா."

"வேலைக்கு எதுவும் போகப் போறாளா?"

"வேலையா? வாசப்படிய விட்டு எறங்க மாட்டேங்குறா. ஆனா ஒண்ணுய்யா, இந்த ரெண்டு மூணு நாளா மொகம் தெளிஞ்சிருக்கு. அழுவல. என்னையக்கூட எதுத்துப் பேசல. கல்யாணத்துக்கு எடுத்த நல்ல சேலைய எல்லாம் எம்மவளுக்குத் தூக்கிக் குடுத்துட்டா. தங்கமான புள்ளய்யா."

"தாய்ப்பால்தான் நல்லதுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். அவர் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் தன் தலைவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிய கை நின்றது. பால் பொங்கி நிற்கும் ஒரு தாய் எதற்காகப் பிள்ளையை டப்பாப் பாலுக்குப் பழக்க வேண்டும்? வேலைக்கும் போகவில்லை, ஊருக்கும் போகவில்லை. தான் இல்லாத ஒரு நாளுக்காக அல்லவா அவள் பிள்ளையைத் தயார் செய்கிறாள்? அழுதுகொண்டிருந்தவள் முகம் திடீரென்று தெளிவது எதனால் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித்தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித்தந்திருந்தார்கள். நானே வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

தலைவலிக்காரரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். மாமியார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தார்.

"என்னய்யா, சீட்ட மறந்துட்டு வந்துட்டனா?"

"வீட்டுக்குப் போவோம். எங்க வண்டியில ஏறுங்க. மக வீட்ல இருக்கா? போன் போடுங்க. கௌசல்யா பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க. குளிக்கப் போனாக்கூட வாசல்ல நிக்கணும்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

வீடு ஐஸ் கம்பெனிக்குப் பின்னால். கௌசல்யா முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் மடியில் குழந்தை. என்னைப் பார்த்ததும் கௌசல்யா எழுந்து, "வாங்க சார்" என்றாள். "மதினி, சாருக்குக் குடிக்க ஒரு கலர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

அவ்வளவு சாதாரணமாக இருந்தாள். நான் பதறிக்கொண்டு வந்தது தப்போ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. இந்தச் சந்தேகம் உங்களுக்கும் வரும். மற்றவர்களை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு, தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கௌசல்யா, செத்துப் போயிடலாம்னு நினைச்சிருக்கியாம்மா?"

இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்க ஒருவர் வந்தார் என்பதே பலருக்கு ஒரு பிடிமானம்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் போனாலும் அது பட்டினி கெடக்கக்கூடாதுல்ல சார்" என்றாள்.

இப்படிச் சொல்கிறவளுக்குப் பாசம் இல்லை என்று யார் சொல்வார்கள்? அதை நான் அப்போது அவளிடம் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் ஒரு மேடைப் பேச்சாகியிருக்கும். அவளே பேசினாள்.

"அவரு படகோட பிடிபட்டப்ப நல்லா அழுதேன் சார். தெருவே அழுதுச்சு, நானும் அழுதேன். எதுக்கு அழுவுறேன்னு ஒருத்தரும் கேக்கல. அவரு வந்துட்டாரு. அப்பறமும் எனக்கு நிக்கல. இப்ப எதுக்குன்னு சொல்ல எங்கிட்ட ஒரு காரணமும் இல்ல. அத்தை நல்லவுக. அவரும் ஒரு சொல்லு சொன்னதில்ல. புள்ள மொகத்தப் பாத்தா மட்டும் யாரோ வீட்டுப் புள்ளைய என்கிட்ட விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

"இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"கேட்டேனே சார். அன்னைக்கி கூட்டத்துல ஒங்ககிட்டத்தான கேட்டேன்."

அப்போதுதான் அந்தக் குரல் எனக்குத் தெரிந்தது.

"பாலும் பாசமும் ஒரே குழாய்னு சொன்னீங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தேன். பால் எனக்கு நிக்காம வருது. அப்ப அந்த ஹார்மோன் ஒழுங்காத்தான ஊறுது? அது ஊறியும் எனக்குப் பாசம் வரலைன்னா, கோளாறு ஒடம்புல இல்ல சார். கோளாறு நாந்தான்."

முப்பது வருஷத்துக்கும் மேல் டாக்டராக இருந்தவனால் அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கணக்கு சரி. நான் கொடுத்த சூத்திரம்தான் தப்பு.

"நான் சொன்னது தப்பும்மா" என்றேன்.

"நீங்க படிச்சவங்க சார்."

"படிச்சவன்தான். அன்னைக்குக் கைதட்டு வாங்குறதுக்காகப் பேசினேன்."

"எல்லாரும் சிரிச்சாங்களே சார்."

அவள் குற்றம் சாட்டும் குரலில் அதைச் சொல்லவில்லை. குற்றம் சாட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று நான் மேடையில் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பால் இறங்க வைக்கும் பொருள் அதுதான். ஒட்டுதலில் அதற்குப் பங்கு இருப்பதும் உண்மைதான். ஆனால் அது குழாய் இல்லை, திறந்தால் கொட்டுவதற்கு. எதிரே இருக்கும் முகத்தை, குரலை, தொடுகையை நமக்கு முக்கியமானதாக்கும் பல காரணங்களில் அது ஒன்று. மனசு பயத்தில் இருந்தால் அதே பொருள் பயத்தையும் கூர்மையாக்கக்கூடும் என்கிறவர்கள் உண்டு. மூக்கில் தெளித்தால் நம்பிக்கை கூடும், மனச்சோர்வு குறையும் என்று தொடக்கத்தில் வந்த நல்ல செய்திகள் எல்லாம் பின்னால் அப்படியே நிலைக்கவில்லை. பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதற்கு இன்னும் முடிந்த முடிவு இல்லை. இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். 'தெரியாது', 'இருக்கலாம்' என்ற வார்த்தைகளுக்கு யாரும் கைதட்டுவதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அவளிடம் சுருக்கமாகச் சொன்னேன். இது ஒரு நோய், உன் குணம் இல்லை, பிரசவமான பெண்கள் பலருக்கு வருகிறது, குணமாகும். பாசம் சிலருக்கு முதல் நாளே வரும், சிலருக்கு மெதுவாக வரும், மெதுவாக வருவது குறைச்சலான பாசம் இல்லை. அவள் நம்பினாளா என்று தெரியாது. "ஆஸ்பத்திரிக்கு வரியா?" என்று கேட்டதற்கு, "அது?" என்றாள். குழந்தையைத்தான் கேட்டாள்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் வேலை பார்த்த மருத்துவமனையில் மனநல வார்டில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள வசதி இல்லை. குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு இவளை மட்டும் சேர்ப்பதுதான் சுலபம், பாதுகாப்பும்கூட. ஆனால் அவள் போட்ட திட்டமும் அதுவேதான்: பிள்ளை அங்கே, தான் இல்லை. நானே அதை நிறைவேற்றி வைப்பதா? தாயையும் பிள்ளையையும் சேர்த்தே அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லி, பிரசவ வார்டில் இருந்த டாக்டர் அம்மாவிடம் போனில் கெஞ்சினேன். "சார், ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். மாமியாரோ கணவனோ ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு நொடியும் பிரியாமல் கூடவே இருக்கவேண்டும் என்று சொல்லி, நர்ஸ் மேசைக்கு எதிரிலேயே ஒரு கட்டில் போட்டார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரையைத் தொடங்கினோம். வீட்டில் இருக்கக்கூடாத பொருட்களை நாத்தனார் அப்புறப்படுத்தினார்.

கணவன் கார்த்தி கடலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். குழந்தையின் துணிகளை அவன்தான் குழாயடியில் அலசுவான். பக்கத்துக் கட்டில் அம்மா ஒருவர் கேட்டார், "ஏப்பா, இது கோமணத் துணியா, மீன் வலையா? இந்த ஒதறு ஒதர்றியே?"

"வலன்னா இம்புட்டு நாத்தம் அடிக்காதுங்க" என்றான் அவன்.

கௌசல்யா சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் தடவை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஒரு சிரிப்பை நம்பி ஏமாந்தவன் நான்.

பிள்ளையைக் கொஞ்சு, முத்தம் கொடு என்று யாரும் அவளிடம் சொல்லக்கூடாது என்று வார்டில் சொல்லிவைத்தேன். ஒரு வேலை மட்டும் அவளுடையது: குளிப்பாட்டுவது. மனசு வந்தாலும் வராவிட்டாலும் குளிப்பாட்ட வேண்டும், அவ்வளவுதான். மாமியார் தண்ணீர் விளாவிக் கொடுப்பார். பல நாள் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் குளிப்பாட்டினாள்.

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அப்போது உயிரோடு இருந்தார். அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், ஆறுதல் எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இந்தப் பேச்சை வேற எந்தெந்த ஊர்ல பேசினய்யா?" என்றார்.

"நிறைய ஊர்ல பேசியிருக்கேன் சார்."

"அங்கெல்லாம் போய் மாத்திப் பேசிட்டு வந்து எனக்குப் போன் பண்ணு."

போனேன். இலுப்பூரில், நான் முன்பு பேசிய அதே மண்டபத்தில், பாசம் உடனே வராமலும் இருக்கலாம், அப்படி இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், சிரிக்க மாட்டோம் என்றேன். கைதட்டல் இல்லை. கூட்டம் கலைந்தபின் நடுத்தர வயது அம்மா ஒருவர் வந்து, "என் மகனுக்கு இப்ப கல்யாணமே ஆயிடுச்சு. அவன் பொறந்தப்ப எனக்கு இப்படித்தான் இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் வெளிய சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எல்லா ஊருக்கும் நான் போகவில்லை. நாலைந்து இடங்களுக்குப் போனேன். பிறகு வேலை வந்தது, அலுப்பு வந்தது, கூச்சமும் இருந்தது, ஓய்வும் பெற்றுவிட்டேன். பேராசிரியருக்கு அந்தப் போனைச் செய்யவே இல்லை. நான் போகாத ஊர்களில் என் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்த பெண்கள் யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் கைக்குழந்தையோடு யாராவது ஜன்னலோரம் வெறித்துப் பார்த்துக்கொண்டு போனால், இப்போதும் எனக்கு அந்த நினைப்புத்தான் வருகிறது. நீங்கள் எந்த ஊருக்காவது பேசப் போனால், எனக்காகவும் சேர்த்து அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். அதைக் கேட்பதற்காகத்தான் இதை எழுதவே ஒத்துக்கொண்டேன்.

கௌசல்யா வீட்டுக்குப் போனபின் மாதாமாதம் வந்துகொண்டிருந்தாள். மாமியாரோ கணவனோ கூட வருவார்கள். தூக்கம் சரியானது, சாப்பாடு சரியானது, சாகும் எண்ணம் போனது. ஆனால் பிள்ளையைப் பற்றி நான் கேட்கமாட்டேன், அவளும் சொல்லமாட்டாள். குழந்தை தவழத் தொடங்கியிருந்த சமயத்தில் ஒருநாள் அவள் தனியாகக் குழந்தையோடு புதுக்கோட்டைக்கே வந்தாள். தலை கலைந்து, முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

"என்னம்மா, ஏன் இப்படி இருக்க?"

"பஸ்ல ஒரு சண்டை சார்."

"யார்கூட?"

"சண்டைன்னும் சொல்ல முடியாது. அறந்தாங்கில ஏறுறேன், நிக்கவே எடமில்ல. ஒக்காந்திருந்த ஒரு அக்கா புள்ளையக் குடும்மான்னு வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. எல்லாரும் செய்யிறதுதான? கூட்டம் ஏற ஏற நான் பின்னாடி போயிட்டேன். இங்கிட்டிருந்து எட்டிப் பாக்குறேன், இவ என்னையத் தேடவே இல்ல. அவுங்க வளையலப் புடிச்சு ஆட்டிக்கிட்டு ஈன்னு சிரிக்கிறா. அந்தக்கா, 'ஏன்டி தங்கம், எங்கூடவே வந்துர்றியா'ன்னு கேட்டாங்க பாருங்க. எனக்கு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னே தெரியல சார். ஆளுகள இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போயி, 'கொடுங்க இங்கிட்டு'ன்னு புடுங்கிட்டேன். 'நான் என்ன தூக்கிக்கிட்டா ஓடப் போறேன்'னு அவுங்க கத்துறாங்க. கண்டக்டர் விசில் ஊதுறாரு. பஸ்ஸே என்னையப் பாக்குது. புதுக்கோட்ட வரைக்கும் இவள வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"பயந்துட்டியா?"

"பயமெல்லாம் இல்ல. கோவம். அந்தக்கா நல்லவுகதான் பாவம். ஆனா எனக்கு அம்புட்டுக் கோவம் சார்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இந்தக் கோவத்துக்கு மாத்திரை எதுவும் இருக்கா?"

குட்டி போட்ட நாய்க்குப் பக்கத்தில் போகாதே என்று சின்ன வயதில் நம் எல்லோரையும் மிரட்டியிருக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கும் விஞ்ஞானம் முழுவதும் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த ஹார்மோனின் பெயரோடுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"இதுக்கு மாத்திரை வேண்டாம்மா. முதல்ல உட்காரு" என்றேன்.

நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"பரவால்ல சிஸ்டர்" என்றாள் கௌசல்யா. "என்கிட்டயே இருக்கட்டும்."